பந்தயத்திலிருந்து வந்த சவாரிக் குதிரைக்கு முதுகு இறுகிக் கிடக்கிறது, என்ன தேய்க்கலாம்?

கேட்டவரின் குதிரை ஒன்பது வயதுத் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்), காயடித்தது. பந்தயத்தை விட்டு வந்து இரண்டு வருடமாக ஒரு சவாரிப் பள்ளியில் நிற்கிறது. சேணம் உட்காரும் இடத்துக்குப் பின்னால் பிரஷ் பட்டாலே காதை மடக்குகிறது, வாலைச் சுழற்றுகிறது. டிராட் (நடைக்கும் வேக ஓட்டத்துக்கும் நடுவான துள்ளோட்டம்) போகும்போது தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொள்கிறது. லாயத்தில் குதிரையைப் பராமரிப்பவர் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய் தேய்க்கச் சொல்கிறார். இன்னொருவர் நமக்குப் போடும் வலி ஜெல்லே போதும் என்கிறார். எது நல்லது, எத்தனை நாள் தேய்க்க வேண்டும் என்பது கேள்வி. வரிகளுக்கு நடுவே இன்னொரு தயக்கமும் தெரிகிறது: இந்த நிலையில் ஏறி ஓட்டலாமா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர். பந்தயக் குதிரைகளையும் சவாரிப் பள்ளிக் குதிரைகளையும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். ஆனால் உங்கள் குதிரையின் மேல் என் கை படவில்லை. அதனால் இங்கே நோயின் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று மட்டும் சொல்ல முடியும்.

தேய்ப்பதற்கு முன்னால் அவசரமான இரண்டை ஒதுக்கிவிட வேண்டும். வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் குதிரை திடீரென்று அடியெடுத்து வைக்க மறுக்கிறது, இடுப்பும் பின் தொடையும் கல்லாக இறுகுகின்றன, வியர்த்துக் கொட்டுகிறது, சிறுநீர் காபி நிறத்தில் வருகிறது என்றால் அது தசையே சிதைந்து கரையும் நிலை. ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுத்து, தீவனத்தைக் குறைக்காமல் போட்டு, மறுநாள் வேலை வாங்கும்போது இது வருவதுண்டு. நடக்க வைத்தால் சரியாகிவிடும் என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நின்ற இடத்திலேயே நிறுத்தி, தண்ணீர் வைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்தது டெட்டனஸ். உடம்பு முழுவதும் விறைத்து, காது நிமிர்ந்து, வால் தூக்கி, கண்ணின் உள் மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு கண்ணை மறைத்தபடி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. குளம்பில் ஏறின ஓர் ஆணி போதும் இது வர. உங்கள் வர்ணனையில் இந்த இரண்டும் இல்லை, அதனால் மேலே போகலாம். ஆனால் தடுப்பூசி எப்போது போட்டது என்று இன்றைக்கே பதிவேட்டில் பார்த்துவிடுங்கள்.

குதிரையின் முதுகில், தண்டுவடத்தின் இரு பக்கமும் இடுப்பிலிருந்து கழுத்தடி வரை ஒரு நீளமான தசை ஓடுகிறது. உடம்பிலேயே மிக நீளமான தசை அதுதான். சேணம் உட்காருவதும் அதன் மேல்தான். ஆனால் ஆளைச் சுமப்பது அதன் வேலை கிடையாது. உடம்பை அசைத்து, முன்னே தள்ளி, பக்கவாட்டில் வளைக்கத்தான் அது இருக்கிறது. சுமையைத் தாங்கும் ஏற்பாடு வேறு. பிடரியில் தொடங்கி முதுகெலும்பின் முள்களுக்கு மேலாக ஓடும் தடித்த நாண், கீழே வயிற்றுத் தசைகள், எலும்பை ஒட்டிக் கிடக்கும் குட்டிக் குட்டி ஆழ்தசைகள், இவை சேர்ந்துதான் முதுகைத் தூக்கிப் பிடிக்கின்றன. முன்னங்காலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே குதிரைக்கு எலும்பு மூட்டே கிடையாது, காறை எலும்பும் இல்லை. நெஞ்சுக்கூடு இரண்டு தோள்களுக்கு நடுவே தசையில்தான் தொங்குகிறது. குதிரை தலையைத் தூக்கி முதுகைக் குழித்தால் அந்த நாண் தளர்ந்துவிடும், வயிறு தொய்ந்துவிடும், பாரம் முழுவதும் நீளத் தசையின் மேல் விழும். விடாமல் இறுகியே இருக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. அதனால் வலி வருகிறது. வலியால் இன்னும் இறுகுகிறது.

பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஜாக்கி முதுகில் உட்காருவதில்லை. குட்டையான அங்கவடியில் காலை ஊன்றி, சேணத்துக்கு மேலே எழுந்து நின்றபடி போகிறார். அவர் எடையும் குறைவு, அந்தச் சேணமும் கையில் எடுத்தால் எடையே தெரியாது. இரண்டு வயதிலிருந்து அப்படியே பழகின குதிரையின் மேல், ஒருநாள் ஏழெட்டுக் கிலோ சேணத்தைப் போட்டு, ஒரு முழு ஆள் பின்பாரமாக உட்கார்ந்து, மணிக்கணக்கில் வட்டமடித்தால் அந்த முதுகுக்கு அது புது வேலை. அதற்கான தசையை யாராவது வளர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். சவாரிப் பள்ளிகளில் பெரும்பாலும் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. வந்த மாதமே மாணவர்களை ஏற்றிவிடுகிறார்கள்.

அதனால் இறுகின முதுகை நான் தனி நோயாகப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது காவல். வேறு எங்கோ வலிக்கிறது, அந்த இடம் அசையாமலிருக்க முதுகு இறுகிக்கொள்கிறது. செருப்பில் கல் ஏறினவர் கோணலாக நடந்து நடந்து கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் இடுப்பை எவ்வளவு நீவினாலும் கல் செருப்பில்தான் இருக்கும். நெதர்லாந்தில் 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுப் பிரச்சினை இருந்த குதிரைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிக்குக் கால் நொண்டலும் இருந்தது. எது முந்தி வந்தது என்று அந்தக் கணக்கு சொல்லாது. ஆனால் முதுகு என்று கேட்டு வருபவரிடம் காலைத் தூக்கிக் காட்டச் சொல்வதற்கு அது போதுமான காரணம்.

சரி, நீங்களே செய்யக்கூடியது. சவாரி இல்லாத ஒரு காலையில், குதிரையைக் கட்டிப் போடாமல் தெரிந்த ஒருவரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். தோள் பக்கம் நின்று, தோளுக்கு மேல் உயர்ந்திருக்கும் மேட்டுக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை, தண்டுவடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, உள்ளங்கையைப் பதித்து மெதுவாக நகர்த்துங்கள். முதல் தடவை அழுத்தவே வேண்டாம். தோலின் சூடு, மயிர் படிந்திருக்கும் விதம், எங்கே தோல் துடிக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அடுத்த தடவை விரல்களின் தட்டையான பகுதியால் கொஞ்சம் அழுத்தம். நல்ல தசை கைக்குள் அமுங்கி மீண்டு வரும். இறுகின தசை அமுங்காது. அல்லது கை வருவதற்கு முன்பே விறைத்துக்கொள்ளும். கையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். மூக்குத் துவாரம் சுருங்குவது, கண்ணுக்கு மேல் மடிப்பு விழுவது, மூச்சை நிறுத்திப் பிடிப்பது எல்லாம் வால் சுழல்வதற்கு முன்பே வந்துவிடும். பேனா முனை, கட்டை விரல் நகம் வைத்து முதுகில் கீறிக் காட்டி, “பார், எப்படி வளைகிறது, வலி” என்று சிலர் சொல்வதுண்டு. அதை நம்பாதீர்கள். கூரான ஒன்று பட்டால் ஆரோக்கியமான குதிரையும் வளையத்தான் செய்யும். ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே மாதிரி எதிர்வினை வந்தால்தான் கணக்கு. அந்த இடத்தைக் காகிதத்தில் படம் போட்டுக் குறித்து வையுங்கள், தேதியோடு.

அடுத்து சேணம். இதில்தான் எனக்கு அதிக சந்தேகம். ஒரு பெண் குதிரைக்கு மாதக்கணக்காக இடது முதுகில் இறுக்கம்; தேய்த்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், மறுபடியும் அதே இடம். சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் நம்தாவை (சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பு) உடனே எடுக்க விடாமல் நிறுத்திப் பார்த்தேன். முதுகு முழுவதும் வியர்வையில் நனைந்திருக்க, இடது பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காய்ந்த திட்டு. சேணத்தைத் திருப்பிப் போட்டு அடிப்பஞ்சைத் தடவினால், அதே இடத்தில் பஞ்சு திரண்டு எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தம் அதிகமான இடத்தில் வியர்வை வராது, அதுதான் திட்டு. பஞ்சைப் பிரித்துத் திரும்ப அடைத்த பிறகு, சில வாரம் ஓய்வும் கொடுத்தபின் இறுக்கம் விட்டது. காய்ந்த திட்டு எல்லாமே அழுத்தம்தான் என்று சொல்ல மாட்டேன்; சேணம் முதுகில் படாமல் பாலம் போட்டு நின்றாலும் அந்த இடம் காய்ந்துதான் இருக்கும். இரண்டுமே சேணம் பொருந்தவில்லை என்பதற்கு அடையாளம். சேணத்தின் கீழ் வெள்ளை மயிர் முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் முத்திரை.

நம்தா இல்லாமல் வெறும் சேணத்தை வைத்துப் பாருங்கள். தோள்மேட்டுக்கு மேலே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். நடுவில் தண்டுவடத்துக்கு மேல் ஓடும் வாய்க்கால் மூன்று நான்கு விரல் அகலம், முன்னாலிருந்து பின்னால் வரை. சேணத்தின் பின் விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா. கடைசியை விரலால் தேடிப் பிடித்து, அப்படியே மேலே முதுகு வரை போனால் எல்லை தெரிந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பது விலாவின் தாங்கல் இல்லாத இடுப்பு. உங்கள் குதிரை பிரஷ் பட்டால் காது மடக்கும் இடமும் அதுதான் என்பதால் இதை முதலில் பாருங்கள். பொருந்தாத சேணத்துக்கு அடியில் இன்னொரு தடித்த நம்தாவைப் போடுவது இறுகின செருப்புக்குள் இரண்டாவது சாக்ஸ் போடுகிற வேலை.

ஏறுபவரின் எடையைப் பற்றிப் பேசினால் எல்லாருக்கும் சங்கடம், இருந்தாலும் பேச வேண்டும். அமெரிக்காவில் ஒஹாயோவில் 2008ல் எட்டுக் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், உடல் எடையில் 15, 20 சதவீதம் சுமந்தபோது இருந்ததைவிட 25, 30 சதவீதம் சுமந்தபோது முதுகுத் தசையில் வலியும் இறுக்கமும் தெளிவாகக் கூடின. எட்டே குதிரைகள் என்பதால் 20 சதவீதம் என்ற எண்ணைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். 450 கிலோ தரோபிரெட்டுக்குச் சேணத்தோடு சேர்த்து 90 கிலோ. முதுகு வலி உள்ள குதிரைக்கு அதிலும் குறைவு. கடற்கரையிலும் மலையிலும் சவாரிக்கு நிற்கும் நாட்டு மட்டக் குதிரைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மனசு கஷ்டப்படும், அது வேறு கதை.

குளம்பு, பல், வயிறு மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். குளம்பின் முன்பக்கம் நீண்டு குதிப்பக்கம் தாழ்ந்திருந்தால், குறிப்பாகப் பின்னங்காலில், இடுப்பும் முதுகும் அதற்கு ஈடு கொடுத்தே களைக்கும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் லாடக்காரர் வந்தாக வேண்டும். கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூராகி கன்னத்தைக் கிழித்தால் குதிரை கடிவாளத்திலிருந்து தப்பத் தலையைத் தூக்கும், தலை தூக்கினால் முதுகு குழியும். வருடத்துக்கு ஒரு முறை பல்லை ராவ வேண்டும். இரைப்பைப் புண் பந்தயக் குதிரைகளிடம் மிகவும் சகஜம். கெர்த் பட்டையை (சேணத்தை வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார்) இறுக்கும்போது கடிக்க வருவது, வயிற்றுப் பக்கம் தொட விடாதது எல்லாம் அதனாலும் இருக்கலாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். ஏறுவதற்கு அரை மணி முன்னால் ஒரு கட்டுப் புல் கொடுங்கள். புண் இருக்கிறதா என்பதை உறுதியாகச் சொல்ல எண்டோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது, வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட தேய்ப்புக்கு வருகிறேன். கை பட்டால் குதிரைக்கு இதம் என்பதில் ஐயமில்லை. 2008ல் வந்த ஓர் ஆய்வில், மசாஜுக்குப் பின் குதிரைகள் முதுகில் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கின. ஆனால் அவை வலி அறிகுறி இல்லாத குதிரைகள். வலியுள்ள குதிரைக்கு மசாஜ் மட்டும் கொடுத்து நிரந்தரமாகச் சரியானது என்று காட்டும் வலுவான சான்றை நான் பார்த்ததில்லை. அதனால் அதைத் துணையாகச் செய்யுங்கள். கையில் பிடித்து நடத்தின பிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மயிர் போகும் திசையில் நீளமான, மெதுவான நீவல். இறுக்கமான இடம் வந்தால் அங்கே குத்தாமல், கையை வைத்து உடம்பின் எடையைக் கொஞ்சம் சாய்த்து, அரை நிமிடம் காத்திருங்கள். குதிரை தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, கண்ணைச் செருகி, பெரிய மூச்சு விட்டால் சரியான அழுத்தம். விலகினால் அதிகம். பக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும். வேலைக்கு முன்னால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கால் மணி நேரம் போட்டு வைப்பது பழைய இறுக்கத்துக்கு நல்லது. புதிதாக அடிபட்டு வீங்கின இடத்தில் சூடு வைக்கக் கூடாது.

எண்ணெய் கை வழுக்கத்தான், மருந்தாக அது உள்ளே போய் எதுவும் செய்யாது. சும்மா நல்லெண்ணெய் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டால் போதும், அதையும் சேணம் போடுவதற்கு முன் துடைத்துவிட வேண்டும். கற்பூரம், மிளகாய்ச் சாறு கலந்த தைலங்கள் வேண்டாம். குதிரைத் தோல் நாம் நினைப்பதைவிட மென்மையானது. அதன் மேல் சேணமும் வியர்வையும் சேர்ந்தால் கொப்புளம்தான் மிச்சம். மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. 2008 ஒலிம்பிக்கில் ஹாங்காங்கில் நடந்த குதிரைப் போட்டிகளில் அது சோதனையில் சிக்கிச் சில குதிரைகள் தகுதி இழந்தன. வலி ஜெல்களில் பலவற்றில் டைக்ளோபெனாக் இருக்கும். அது மயிரைத் தாண்டி, தோலைத் தாண்டி, சில அங்குலம் தடித்த அந்தத் தசையில் எவ்வளவு போய்ச் சேரும் என்பது சந்தேகம். அதோடு பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதால் 2006ல் கால்நடைகளுக்கு இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து அது; லாயத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். வாய்வழி வலி மாத்திரைகளும் தானாகக் கொடுக்காதீர்கள். புண் உள்ள வயிற்றில் அவை இன்னும் கெடுதல். மருந்தின் தயவில் வலி மறைந்த குதிரையை ஓட்டுவது அதைவிடக் கெடுதல்.

தேய்ப்பதைவிட எனக்கு நம்பிக்கை உள்ளது கேரட் பயிற்சி. 2011ல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்டுக் குதிரைகளுக்கு மூன்று மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், சவாரி இல்லாமல் இதைச் செய்து ஸ்கேனில் பார்த்தார்கள். தண்டுவடத்தை ஒட்டிய ஆழ்தசைகள் பருத்திருந்தன. இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லை, ஒழுங்காகச் செய்தால் ஆபத்தில்லை. கேரட்டைக் காட்டித் தாடையை நெஞ்சுக்கு, முழங்கால்களுக்கு நடுவே, கணுக்கால்களுக்கு நடுவே, அப்புறம் பக்கவாட்டில் கெர்த் இடத்துக்கு, தொடை மடிப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து விநாடி நிற்க வேண்டும், ஐந்து முறை. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போக விட்டால் பயன் இல்லை. உடம்பு சூடான பிறகு, சறுக்காத தரையில் செய்யுங்கள். இன்னொன்று வயிற்றைத் தூக்க வைப்பது: முன்னங்கால் முட்டிக்குப் பக்கத்தில் நின்று, கெர்த் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வயிற்றின் நடுக்கோட்டில் விரல் நுனிகளால் மேல்நோக்கி அழுத்தினால் முதுகு எழும். சில விநாடி பிடித்து விடுங்கள். வயிற்றில் தொடவே விடாத குதிரையிடம் இதைச் செய்து உதை வாங்க வேண்டாம். அந்த மறுப்பே ஒரு தகவல்.

ஓட்டலாமா என்பதற்கு: காரணம் தெரியும் வரை ஏறாதீர்கள். ஏறாமலிருந்தால் வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. நாள் முழுதும் லாயத்தில் நிற்பதுதான் இந்த முதுகுக்கு எதிரி. காலையிலும் மாலையிலும் அரை மணி கையில் பிடித்து நடத்துங்கள். தரையில் சின்னக் கம்புகளைப் போட்டு மெதுவாகத் தாண்ட வைப்பது, லேசான ஏற்றத்தில் நடத்துவது எல்லாம் வயிற்றையும் முதுகையும் சேர்த்து வேலை வாங்கும். புல்லை உயரத்தில் கட்டித் தொங்கவிடாமல் தரையில் போடுங்கள், தலை தாழ்ந்தால் முதுகு நீளும். கடலோர வெயிலில் வியர்வையோடு உப்பும் நிறையப் போய்விடும், தசை பிடிக்க அதுவும் காரணம். தீவனத்தில் தினம் 30 கிராம் அளவு சாதாரண உப்பும், எப்போதும் தண்ணீரும் இருக்கட்டும். திரும்ப ஏறும் நாள் வரும்போது முதல் கால் மணி நேரம் கடிவாளத்தை நீளமாக விட்டு நடை மட்டும், டிராட் போகும்போது எழுந்து உட்காரும் முறையில், பெரிய வட்டங்கள், இரண்டு கைப்பக்கமும் சமமாக. தலையைக் கயிற்றால் கீழே கட்டி வைக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். தலை தாழ்ந்ததாகத் தெரியும், முதுகு அப்படியேதான் இருக்கும்.

ஏறி ஓட்டும்போது வலியை அளக்க சூ டைசன் என்ற பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் 24 நடத்தைகள் கொண்ட பட்டியல் ஒன்று தந்திருக்கிறார். காது ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் மடங்கியிருப்பது, வாய் திறந்து மூடுவது, வாலைச் சுழற்றுவது எல்லாம் அதில் உண்டு. எட்டு அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு மூன்று தேறுகின்றன. வேறொருவரை மொபைலில் படமெடுக்கச் சொல்லி, பிறகு நிதானமாகப் பார்த்து எண்ணுங்கள். ஒரு குறும்புக்காரக் குதிரை என்று எழுதிவைக்கப்பட்டவை பலவும் இந்தப் பட்டியலில் மாட்டும்.

சேணம், குளம்பு, பல் மூன்றையும் சரிபார்த்து, சவாரி இல்லாமல் நான் சொன்னதைச் செய்து ஆறு வாரத்தில் கைக்கு எந்த மாற்றமும் தெரியாவிட்டால் படம் எடுக்க வேண்டும். சேணத்துக்குக் கீழே முதுகெலும்பின் முள்கள் ஒன்றோடொன்று உரசும் நிலை தரோபிரெட்டுகளில் அதிகம். எக்ஸ்ரேயில் அது தெரிந்தாலே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த வலியும் இல்லாமல் ஓடும் பல குதிரைகளின் படத்திலும் அது இருக்கிறது. அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நடை மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஊசி மருந்தா, அறுவையா என்ற பேச்சு. சென்னைக்கு அருகில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெரிய விலங்குகள் பிரிவு உண்டு. போகும்போது தேதி போட்டுக் குறித்த அந்தக் காகிதம், சேணம், நம்தா மூன்றையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.